18 வயது எங்கிருந்து வந்தது?

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு 16 வயது. அவளுடைய தாய்மாமனுக்கே பேசி முடித்து, பத்திரிகையும் அடித்துவிட்டோம். அதிகாரிகள் வந்து நிறுத்திவிட்டார்கள். ஐ.நா. சபையில் யாரோ எழுதிவைத்த குழந்தை உரிமையை எங்கள் ஊர் வழக்கத்தின்மேல் திணிப்பது சரியா?
– ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: சரிதான். ஆனால் திணித்தது ஐ.நா. இல்லை. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையில் குழந்தைத் திருமணம் என்ற சொல்லே கிடையாது. அதற்கும் முன்னால், 1924-இல் குழந்தை உரிமைக்கான ஜெனீவா பிரகடனம் வந்தது. முதல் உலகப் போரில் பட்டினி கிடந்த பிள்ளைகளைப் பார்த்த வேதனையில் பிறந்த ஐந்தே அம்சங்கள். பசித்தால் சோறு, நோய் வந்தால் மருந்து என்று பேசிய அதிலும் கல்யாண வயது இல்லை.

அந்தப் பேச்சை நம்மவர்களே எடுத்தார்கள். புதுக்கோட்டையில் பிறந்து டாக்டரான முத்துலட்சுமி ரெட்டி, சென்னை சட்டமன்றத்தில் நின்று திருமண வயதை உயர்த்தச் சொல்லி வாதாடினார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு 16 வயதாவது தாண்டியிருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டம், பெண்ணுக்கு 14 வயதுடன் நின்றுவிட்டது. 1978-இல்தான் 18 ஆனது. ஐ.நா. உடன்படிக்கை வர அப்போது இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன.

ஊர் வழக்கம் என்கிறீர்கள். உங்கள் மாவட்டத்திலிருந்து அந்தச் சொல் வரும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. பெண் சிசுவைக் கொன்றதற்கும் ஒரு காலத்தில் இதே சமாதானம்தான் சொன்னார்கள். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்கள், பெண் பாட்டியிடம் வளர்கிறாள், பள்ளிக்கூடம் தூரம். 'நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' என்று ராத்திரியில் தூக்கம் வராது. அதற்கு ஒரு நல்ல விடுதியும் நேரத்துக்கு வரும் பஸ்ஸும் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். 16 வயதில் கழுத்தில் ஏறும் தாலி அவளைக் காப்பாற்றாது. உடம்பு முதிரும் முன்னே பிரசவத்துக்குத்தான் அனுப்பும்.

அப்புறம், வேறொரு கோயிலில் ரகசியமாக முடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நடத்திவைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்படியே நடந்தாலும், 18 முடிந்து இரண்டு ஆண்டுகள் வரை அந்தக் கல்யாணமே வேண்டாமென்று அவள் நீதிமன்றம் போகலாம். இப்போதே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அவளே போன் செய்யலாம்.

ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, குழந்தையைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. உங்கள் கடிதத்தில் தாய்மாமன் இருக்கிறார், பத்திரிகை இருக்கிறது. அவள் எந்த வகுப்பு படிக்கிறாள், இந்தக் கல்யாணத்துக்கு என்ன சொன்னாள் என்று எங்கும் இல்லை. அவளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.