முத்திரை யார் கையில்?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் விற்பனைக்குப் போகிறது. ஆறு மாதமாக மனு கொடுத்து வருகிறோம். ஊராட்சித் தலைவரைக் கேட்டால் 'நான் உங்கள் பக்கம்தான்' என்கிறார், ஆனால் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. அவருக்காகக் காத்திருப்பதா, அவரை விட்டுவிடுவதா?

ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

காத்திருக்கவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். நழுவுகிறேன் என்று நினைக்காதீர்கள். பாலக்காடு மாவட்டத்தில், நம் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாச்சிமடையை நினைத்துத்தான் சொல்கிறேன்.

2000இல் அங்கே கொக்கோ கோலா ஆலை வந்தது. உரிமம் கொடுத்தது பெருமாட்டி ஊராட்சி. சில மாதங்களிலேயே சுற்றியிருந்த காலனிகளின் கிணற்று நீர் குடிக்க ஆகாமல் போனதாகப் புகார் எழுந்தது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் பழங்குடி மக்கள். முன்னால் நின்றவர் இரவாளர் சமூகத்து மயிலம்மா. அவர் எந்தப் பதவியிலும் இல்லை.

ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான், 2003 ஏப்ரலில், உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று ஊராட்சி முடிவெடுத்தது. தாமதம்தான். ஆனாலும் முதல் நாளே பந்தலில் மாலை போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போகிற தலைவரைவிட, தாமதமாக வந்தாலும் முத்திரை குத்துகிறவரையே நான் மதிப்பேன். அந்த முடிவுக்குப் பிறகுதான் ஒரு காலனியின் குறை, சட்டம் பதில் சொல்லியாக வேண்டிய வழக்காக மாறியது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்குக் காவலர் மட்டுமே என்று 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நாளுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஊராட்சி அதோடு ஓய்ந்துவிடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தனக்கு வரி கட்டுகிற ஆலைக்கு எதிராகத்தான் போனது என்பதையும் கவனியுங்கள். 2004 மார்ச்சில் மூடிய ஆலையை இனித் திறப்பதில்லை என்று 2017இல் நிறுவனமே நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

ஊராட்சியால் முடியாததும் உண்டு. இழப்பீட்டுக்காகக் கேரளச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

உங்கள் தலைவருக்கு வருவோம். அவர் உங்கள் பக்கம்தானா என்ற விசாரணையை விடுங்கள், அது பெண் பார்க்கப் போகிறவர்கள் செய்ய வேண்டிய ஆராய்ச்சி. அடுத்த கிராம சபைக்கு, கிணறு வற்றிய வீடுகளிலிருந்து வீட்டுக்கொருவர் போங்கள். தீர்மானத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். எந்தக் கிணறு, எத்தனை லாரி, எந்த நேரம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பதிவேட்டில் ஏறியதும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், பின்னால் அதில் என்ன ஏறும் என்பது உங்களுக்கே தெரியும்.

நகல் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.