கை கடைசியில் வரட்டும்

அன்புள்ள ஐயா,

பின்லாந்தில் நான்கு வருடம் வேலை பார்த்தபோது டிஸ்க் கோல்ஃப் பழகினேன். தட்டு மாதிரி இருக்கும் டிஸ்க்கை வீசி, கம்பத்திலிருக்கும் சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம். இப்போது நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊரிலிருந்தே வேலை. உளுந்து எடுத்த வயலில் தினமும் காலையில் 200 முறை வீசுகிறேன். வலது கைக்காரன், பேக்ஹேண்ட், அதாவது உடம்புக்குக் குறுக்கே இழுத்து, புறங்கை முன்னால் வர வீசுவது. 40 மீட்டர் தாண்டுவதில்லை. மேலே ஏறி, அப்படியே நின்று, இடப்பக்கம் சாய்ந்து விழுகிறது. இரண்டு வாரமாக முழங்கையில் வலி வேறு. தட்டு வீசுகிறவன் என்று ஊரில் சிரிக்கிறார்கள். இது நம் பெருமாள் கையிலிருக்கும் சக்கரம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். தூரம் வீசுவதற்கான டிஸ்க், வேகம் 12 போட்ட டிரைவர் ஒன்று வரவழைத்தால் தூரம் கூடுமா? சங்கிலிக் கூடையும் இல்லை. என்ன பயிற்சி செய்யலாம்? அமெரிக்காவில் நீங்கள் இதை ஆடியதாக எழுதியிருந்தீர்களே.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் முழங்கை. வீசுவதை இன்றே நிறுத்துங்கள். வலியோடு இரண்டு வாரம் வீசியிருக்கிறீர்கள், அதையும் ஏதோ சாதனைக் கணக்கு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. மருத்துவரைப் பாருங்கள். வலி முழுசாகப் போனபிறகு மிச்சத்தைப் பேசலாம்.

பெருமாளின் சக்கரத்தை இதில் இழுக்காதீர்கள். இந்த விளையாட்டு கலிபோர்னியாவில் வளர்ந்தது. 1975-இல் அங்கே ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடையும் அவர் தந்ததுதான். அவர் இறந்தபிறகு அவருடைய அஸ்தியையே கலந்து டிஸ்க் வார்த்தார்கள், அவ்வளவு பிரியமாக இருந்த மனிதர். அவருக்குச் சேரவேண்டியதை அவருக்கே விட்டுவிடுவோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அதற்கெல்லாம் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

டிரைவர் வேண்டாம். 12 என்பது அந்த டிஸ்க் ஒழுங்காகப் பறக்க எவ்வளவு வேகம் கேட்கிறது என்பதைச் சொல்லும் எண். அந்த வேகத்தை உங்கள் உடம்பு கொடுக்காதவரை அது இன்னும் சீக்கிரமாக இடப்பக்கம் விழும். பையிலிருக்கும் பட்டரை, கூடைக்குப் பக்கத்திலிருந்து வீசும் அந்த மெதுவான டிஸ்க்கை, எடுங்கள். மெதுவாக வீசினாலும் பறக்கும், தப்பாக வீசினால் உடனே ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 200. சில நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நமக்குப் பயிற்சி என்றாலே எண்ணிக்கை என்று ஆகிவிட்டது. தப்பாக எழுதிய சொல்லை நூறு தரம் எழுது என்பார் வாத்தியார். ஐம்பதாவது தரத்துக்குமேல் பிள்ளை சொல்லையே பார்க்காது, கை மட்டும் ஓடும். 200 வீச்சில் நீங்கள் பழகியது தப்பைத்தான், தம்பி. அதைத் தினமும் கெட்டிப்படுத்தியிருக்கிறீர்கள்.

எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும்போது கோரையாற்றங்கரையில் அம்மாவுடன் பிறந்த மாமா எனக்கு வீச்சு வலை போடக் கற்றுக்கொடுத்தார். மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிகிறதே, அதற்குக் கீழே. மாமா போட்டால் வலை காற்றிலேயே வட்டமாக விரிந்து, சுற்றிலும் கோத்த ஈயக் குண்டு அத்தனையும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும். 'சர்'ரென்று ஒரே சத்தம். நான் போட்டால் வைக்கோல் பிரி மாதிரி சுருண்டு 'பொத்'தென்று விழும். ஒரு நாள் முழுக்கப் போட்டேன், தோள்பட்டை இற்றுப்போனது. மறுநாள் மாமா என்னை ஆற்றுக்கே கூட்டிப்போகவில்லை. வீட்டுக் களத்தில் நிற்கவைத்தார். "காலை நகர்த்தாதே மாப்ள. கையையும் மறந்துடு. இடுப்பு திரும்பட்டும், கை தானா வரும்" என்றார். கயிறு இடது மணிக்கட்டில், வலையில் ஒரு மடிப்பு இடது முழங்கையில், ஓரத்துக் குண்டு ஒன்று பல்லிடுக்கில். அந்த ஈயத்தின் ருசியும் காய்ந்த பாசி நாற்றமும் இன்றைக்கும் நாக்கில் இருக்கின்றன. பல்லிலிருந்து குண்டை எப்போது விடுவது என்பது ஒன்றுதான் கணக்கு. இடுப்பு திரும்பி முடியும் முன்பே விட்டால் வலை சுருளும். ஒரு நாளைக்குப் பத்துத் தரம்தான் போடவிடுவார். ஒவ்வொரு தரமும் மண்ணில் குண்டுகள் பதிந்த தடத்தைப் பார்க்கச் சொல்வார். வட்டம் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது, ஏன் நசுங்கியது என்று நான் சொன்னபிறகுதான் அடுத்தது. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ தடம் வட்டமாக விழுந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப்பக்கம் நடந்தார், நான் பின்னால் ஓடினேன்.

பல வருடம் கழித்து டெக்சாஸில் மகள் வீட்டில் இருந்த ஆறு மாதத்தில், பக்கத்துப் பூங்காவில் ஒரு முதியவர் எனக்கு டிஸ்க்கைக் கொடுத்து முதலில் செய்யச் சொன்னதும் இதையேதான். ஓடி வராதே, நின்ற இடத்திலேயே வீசு. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆகவே நீங்களும் நில்லுங்கள். ஓட்டம், குறுக்கே கால் வைக்கும் அந்த மூன்றடி நடை எல்லாம் பிறகு. தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கால் அகட்டி, வலது தோள் இலக்கைப் பார்க்க நில்லுங்கள். பாரம் பின்காலில் இருந்து முன்காலுக்கு வரட்டும், முன்குதிகால் மண்ணில் அழுந்தட்டும், இடுப்பு திரும்பட்டும், அப்புறம் தோள், கை எல்லாவற்றுக்கும் கடைசியில். டிஸ்க் மார்பை ஒட்டியே வரவேண்டும். உடம்பைச் சுற்றி வளைந்து வந்தால் போகிற திசையும் போச்சு, சுழற்சியும் போச்சு. சுழற்சி இல்லாத டிஸ்க் வெறும் தட்டுதான். பலத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும்.

கை முந்துகிறதா என்று தெரிந்துகொள்ள டிஸ்க்கே வேண்டாம், தோளில் கிடக்கும் துண்டு போதும். நனைத்து, முறுக்கி, நுனியைப் பிடித்து டிஸ்க் வீசுவது போலவே வீசுங்கள். துண்டு சொடுக்கும் சத்தம் இடது தோள் பக்கம் கேட்டால் கை அவசரப்பட்டுவிட்டது. வலது மார்பைத் தாண்டி, முன்னால் கேட்கவேண்டும். துண்டு சரியானதும் டிஸ்க்கை வலது மார்பருகே வைத்து, முழங்கையை முன்னால் தள்ளி, அங்கிருந்து மட்டும் வீசுங்கள். இருபது மீட்டர் போனாலும் நேராகப் போகவேண்டும். நேராகப் போகப் போக, டிஸ்க்கை ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் ஒரே நாளில் வேண்டாம்.

ஏறி நின்று விழுவதற்குக் காரணம் டிஸ்க்கின் மூக்கு, அதாவது முன்விளிம்பு, தூக்கியிருப்பது. சொம்பிலிருந்து தண்ணீர் சாய்ப்பது போல மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே சாய்த்துப் பிடியுங்கள், பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். கூடைக்குப் பதில் வேப்பமரக் கிளையில் பழைய சைக்கிள் டயர். மூன்று மீட்டரில் ஆரம்பியுங்கள். ஆட்டத்தில் கூடையைச் சுற்றி பத்து மீட்டருக்குள் வீசினால், வீசிய இடத்தில் நிலையாக நின்று காட்டியபிறகே முன்னால் போகலாம். அதனால் இப்போதே தள்ளாடாமல் நின்று பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு முப்பது வீச்சுக்குமேல் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பிறகு நடந்துபோய் டிஸ்க் விழுந்து கிடப்பதைப் பாருங்கள், எங்கே, எந்தப் பக்கம் என்று. அறுத்த தாளுக்கும் மண் வெடிப்புக்கும் நடுவில் கணுக்கால் பிசகாமல் பார்த்து நடங்கள். ஜூனில் மேட்டூர் திறந்துவிட்டால் அந்த வயல் உங்களுக்குக் கிடையாது, உழவு வந்துவிடும். அதற்காக அவசரப்படவேண்டாம், துண்டு வீசத் திண்ணை போதும்.

வலி போனதும் முதல் வாரம் துண்டு மட்டும். சத்தம் எந்தப் பக்கம் கேட்டது என்று எழுதுங்கள், எத்தனை தரம் வீசினீர்கள் என்று எழுதவேண்டாம்.

அன்புடன்.