ஆய்வேடு இல்லாமல் மனிதக் காரணிப் பொறியியலில் முதுநிலைப் பட்டம்: கேள்வி பதில்

கேள்வி: ஆய்வேடு இல்லாத பட்டத்துக்கு எத்தனை கிரெடிட் முடிக்க வேண்டும்? ஆய்வேட்டுடன் படிப்பதைவிட இது எளிதா?

பதில்: கருவிகளையும் வேலைகளையும் மனிதரின் திறனுக்கும் வரம்புக்கும் ஏற்ப வடிவமைக்கும் இந்தத் துறையில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 30 முதல் 36 கிரெடிட் வரை கேட்கிறார்கள், பாடத்துக்கு 3 கிரெடிட் என்று கொண்டால் பத்து முதல் பன்னிரண்டு பாடங்கள். ஆய்வேடு எழுதுபவர் வழக்கமாக 6 கிரெடிட் அளவை ஆய்வுக்கு ஒதுக்குவார். நீங்கள் அந்த இடத்தைக் கூடுதல் பாடங்களாலும், படிப்பின் இறுதியில் செய்யும் ஒரு நிறைவுத் திட்டப்பணியாலும் நிரப்புவீர்கள். மதிப்பெண் சராசரி 4-க்கு 3.0-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பரவலான விதி. ஆனால் எளிது என்று எண்ணிச் சேராதீர்கள். ஒரே கேள்வியை நீண்ட காலம் துரத்துவதால் ஆய்வேட்டில் கிடைக்கும் ஆழத்தை, இங்கே பாடத் தேர்வால்தான் ஈடுகட்ட முடியும். அந்தத் தேர்வு பிசகினால் பட்டம் கையில் இருக்கும், ஒரு சோதனையைத் தனியாக வடிவமைத்து நடத்தும் திறன் இருக்காது.

கேள்வி: நான் உளவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவள். பொறியியல் துறையில் எனக்கு இடம் கிடைக்குமா, ஐயா?

பதில்: தாராளமாக முயலலாம். இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களில் பலர் உளவியலாளர்கள். இரண்டாம் உலகப் போரின்போது பி-17 விமானிகள், தரையிறங்கிய பிறகு பிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடக்குத் தகட்டை) மடக்குவதாக எண்ணிச் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டார்கள். இதை ஆராய்ந்த அல்போன்ஸ் சப்பானிஸ் உளவியல் படித்தவர். இரண்டு கட்டுப்பாடுகளும் அருகருகே ஒரே வடிவில் இருந்ததே காரணம் என்று கண்டு, ஒன்றுக்குச் சக்கர வடிவப் பிடியும் மற்றொன்றுக்கு ஆப்பு வடிவப் பிடியும் பொருத்தச் செய்தார். எனினும் நுண்கணிதமும் அடிப்படைப் புள்ளியியலும் சில இடங்களில் நிரலாக்கமும் முன்தகுதியாகக் கேட்கப்படும். அவற்றைச் சேர்ந்த பிறகு படித்தால், அந்தக் கிரெடிட்கள் பல இடங்களில் பட்டக் கணக்கில் சேராது; விண்ணப்பிக்கும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எந்தப் பாடங்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும்?

பதில்: முதல் செமஸ்டரிலேயே புள்ளியியலையும் சோதனை வடிவமைப்பையும் எடுத்துவிடுங்கள், பின்னர் வரும் எல்லாமே அவற்றின் மேல்தான் நிற்கின்றன. இத்துறையை உடல்சார், அறிதல்சார், அமைப்புசார் என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். மென்பொருள் வேலையை மனத்தில் வைத்து வருபவர்கள் உடல்சார் பகுதியை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ்.எச். சுமை தூக்குவதற்கு வகுத்த சமன்பாட்டைப் பாருங்கள். அதில் பரிந்துரைக்கப்படும் எடை வரம்பு 23 கிலோவில் தொடங்குகிறது. சுமை உடலிலிருந்து 25 செ.மீ. கிடைமட்டத் தொலைவில் இருந்தால் அந்த அளவு குறைவதில்லை, 50 செ.மீ. என்றால், மற்ற நிலைமைகள் எல்லாம் சாதகமாக இருந்தாலும், பாதியாகி 11.5 கிலோவுக்கு வந்துவிடுகிறது. இதைச் சூத்திரமாக மட்டும் அறிந்தவர் எடையைக் குறைக்கச் சொல்வார். ஆய்வகத்தில் அளந்து பழகியவர், பெட்டியை உடலுக்கு அருகே கொண்டுவர வழியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். ஆகவே ஆய்வக வகுப்புடன் கூடிய பாடம் ஒன்றாவது உங்கள் திட்டத்தில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் துறையில் நிறைவுத் திட்டப்பணி அல்லது முழுமைத் தேர்வு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறார்கள். எது நல்லது?

பதில்: திட்டப்பணி. வேலை தேடும்போது காட்டுவதற்கு அதுதான் இருக்கும். மருந்தேற்றும் பம்ப் ஒன்றை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1.5 என்று உள்ளிடும்போது புள்ளி பதியாவிட்டால் அது 15 ஆகிறது, நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போகிறது. செவிலியர் உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தும் முன் திரையைப் பார்த்தாரா, எச்சரிக்கை வந்தபோது படித்தாரா அல்லது படிக்காமலே நீக்கினாரா என்பதை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கவனித்துக் குறிப்பெடுப்பதுதான் இத்துறையின் உயிர்நாடி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, இறுதிச் சரிபார்ப்புச் சோதனைக்கு ஒவ்வொரு பயனர் குழுவிலும் குறைந்தது 15 பேர் வேண்டும் என்கிறது. மாணவர் திட்டத்தில் அத்தனை பேரைத் திரட்டுவது கடினம். ஐந்தாறு பேருடன் வடிவமைப்புக் கட்டச் சோதனையாக நடத்தி, அதை அப்படியே பெயரிட்டு எழுதுங்கள்.

கேள்வி: திட்டப்பணிக்கு, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவையா?

பதில்: வகுப்பறைப் பயிற்சியாகவே முடிந்துவிடும் பணிக்குப் பல பல்கலைக்கழகங்கள் கேட்பதில்லை. முடிவுகளை வெளியிடும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், தரவு திரட்டத் தொடங்கும் முன்பே குழுவிடம் கேட்டுவிடுங்கள். திரட்டி முடித்த தரவுக்குப் பின்தேதியிட்டு யாரும் அனுமதி தர மாட்டார்கள்.

கேள்வி: பிறகு முனைவர் பட்டத்துக்குப் போக விரும்பினால் கதவு மூடிவிடுமா?

பதில்: மூடாது, ஆனால் ஆய்வு செய்யத் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள். ஒரு பேராசிரியரின் மேற்பார்வையில் 3 கிரெடிட் தனிநிலை ஆய்வுப் பாடம் எடுத்து, அதை மாநாட்டுக் கட்டுரையாக்க முயலுங்கள். பரிந்துரைக் கடிதத்தில் உங்கள் ஆய்வைப் பற்றி எழுத அப்போதுதான் ஒருவர் இருப்பார். முனைவர் பட்டம்தான் குறிக்கோள் என்று இப்போதே உறுதியாகத் தெரிந்தால், ஆய்வேட்டையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முடிக்க இயலுமா?

பதில்: இயலும். செமஸ்டருக்கு இரண்டு பாடங்கள் என்றால் இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். பட்டத்தை முடிக்கக் கால வரம்பு எவ்வளவு என்பதையும், ஆய்வக வகுப்புகளுக்கு நேரில் வரச் சொல்வார்களா என்பதையும் சேரும் முன் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.