ஆஸ்கர் பரிந்துரைக்கு முன்னால் 13 ஆண்டுகள்: கேள்வி பதில்

ரிண்டு தாமஸ், சுஷ்மித் கோஷ் இருவரும் தயாரித்து இயக்கிய 'ரைட்டிங் வித் ஃபயர்', பெண் நிருபர்களைப் பற்றி எடுத்து 2022-இல் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ஆவணப்படம். அவர்களுடைய தொழில் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: முதல் படத்திலேயே ஆஸ்கர் வரை போய்விட்டார்களே சார், அதிர்ஷ்டம்தானே?

முழுநீளப் படம் என்று பார்த்தால் முதல் படம்தான். ஆனால் டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 2009-இல் 'பிளாக் டிக்கெட் ஃபிலிம்ஸ்' என்ற பட நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் அவர்கள். சின்னச் சின்ன ஆவணப்படங்களில்தான் கை பழகியது. ஆந்திராவின் இயற்கை விவசாயம் பற்றிய 'டிம்பக்து'வுக்குத் தேசிய விருதே வாங்கியிருக்கிறார்கள்.

கேள்வி: அண்ணா, நான் விஷுவல் கம்யூனிகேஷன் மாணவன். இயக்குநரே தயாரிப்பாளராகவும் இருப்பதால் என்ன பயன்?

அவசரப்படுத்த ஆள் இருக்காது தம்பி. உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட்டில் 2002-இல் தொடங்கிய, பெண்களே நடத்தும் 'கபர் லஹரியா' செய்தித்தாளின் நிருபர்கள், அச்சிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிய நேரத்தில் இவர்கள் கேமராவோடு போனார்கள். வீட்டில் கரன்ட்கூட இல்லாத நிருபர் ஸ்மார்ட்போன் பழகுவதில் ஆரம்பித்து, 2019 தேர்தல் வரை படம் கூடவே போகிறது. 'எப்போது முடிப்பீர்கள்' என்று மாதாமாதம் கேட்கும் முதலாளி இருந்தால் இது நடக்குமா? ஆளும் குறைவு. ஒளிப்பதிவு சுஷ்மித்தும் கரண் தப்லியாலும். எடிட்டிங் இயக்குநர்கள் இருவருமே. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணிடம் பேசிவிட்டு, நிருபர் மீரா நேராகக் காவல் நிலையம் போய் அதிகாரியிடம் கேள்வி கேட்கும் காட்சியைப் பார். பெரிய பட்டாளம் கூடவே போயிருந்தால் அந்த இயல்பு வந்திருக்காது.

கேள்வி: விருது கிடைத்ததா?

ஆஸ்கர் 'சம்மர் ஆஃப் சோல்' படத்துக்குப் போனது. ஆனால் அமெரிக்காவின் 2021 சன்டான்ஸ் திரைப்பட விழாவிலேயே பார்வையாளர் விருதும் ஜூரியின் சிறப்பு விருதும் வாங்கிவிட்டார்கள்.

கேள்வி: படத்தில் வந்தவர்களே குறை சொன்னார்களாமே?

ஆமாம். 2022 மார்ச்சில், ஆஸ்கர் விழாவுக்குச் சில நாள் முன்னால், கபர் லஹரியா ஓர் அறிக்கை விட்டது. ஒரே கட்சியைப் பற்றி மட்டும் செய்தி சேகரிப்பவர்கள்போல் படம் தங்களைக் காட்டுகிறது, அது முழு உண்மை இல்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு மிகவும் பிடித்த படம் இது. ஆனாலும் அந்த அறிக்கையைப் படிக்காமல் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பேன். ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்தாலும், எதை வைப்பது, எதை வெட்டுவது என்ற அதிகாரம் எடிட்டிங் மேசையில் இருப்பவரிடம்தான். படம் எடுக்கப் போகிறவர்கள், வெளியிடுவதற்கு முன்பே அதில் வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஒப்புக்கொள்ள வேண்டும் என்றில்லை, கேட்டே ஆக வேண்டும்.