கேமராவை அசைத்து எடுக்கும் நிலக்காட்சிப் படங்கள்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

கேள்வி: மரங்களும் கடலும் வண்ணத் தீற்றல்களாகக் கரைந்து தெரியும் ஒளிப்படங்கள் என்னை மிகவும் ஈர்க்கின்றன. ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவை வேண்டுமென்று அசைத்து இவற்றை எடுப்பதாக அறிந்தேன். என்னிடம் சாதாரணக் கேமரா ஒன்றும் 18-55 மி.மீ. லென்ஸும் உள்ளன. பகலில் முயன்றால் படம் முழுவதும் வெளுத்துப்போகிறது. லென்ஸின் முன் பொருத்தி ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்.டி. ஃபில்டரை, அதிலும் 10 ஸ்டாப் அளவில், வாங்கும்படி கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: 10 ஸ்டாப் ஃபில்டர் இந்த வேலைக்கு ஏற்றதன்று, உங்களுக்கு வேண்டியது 6 ஸ்டாப். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை; எண் கூடினால் துளை சிறிதாகும்) எஃப்/16 என்று வைத்தால், சரியான ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/125 நொடியாக அமையும். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாகக் குறைக்கிறது. எனவே 3 ஸ்டாப் ஃபில்டர் அந்த நேரத்தை 8 மடங்காக்கி 1/15 நொடிக்குக் கொண்டுவரும். 6 ஸ்டாப் 64 மடங்காக்கி அரை நொடிக்குக் கொண்டுவரும். 10 ஸ்டாப்போ ஏறத்தாழ 1000 மடங்காக்கி 8 நொடிக்குக் கொண்டுபோய்விடும். கையால் அசைத்து எடுக்கும் படங்களுக்குக் கால் நொடி முதல் ஒரு நொடி வரையிலான நேரமே பெரும்பாலும் பொருந்துகிறது. 8 நொடி நேரம் ஒரே சீராகக் கையை நகர்த்துவது கடினம். அப்படியே நகர்த்தினாலும் மரம் மரமாக இருந்ததற்கான தடயமே இல்லாமல் வெறும் நிறப்பரப்புதான் மிஞ்சும். முக்காலியில் அசையாமல் நிற்கும் கேமராவில் அலைகளைப் பனிமூட்டம்போல் காட்ட விரும்புவோருக்குத்தான் 10 ஸ்டாப் உதவும். அது வேறு வகைப் படம். கடையில் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுவதால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது.

பணம் செலவழிக்கும் முன் ஒன்றைச் செய்து பாருங்கள். அடர்ந்த நிழலிலோ, சூரியன் மறைந்த பின்னரோ, ஃபில்டர் எதுவும் இல்லாமல் ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/22 என்று வைத்தாலே கால் நொடி, அரை நொடி எளிதாகக் கிடைக்கும். எஃப்/22இல் ஒளி சிதறிப் படத்தின் கூர்மை குறையும் என்று எச்சரிப்பார்கள். அது உண்மைதான், ஆனால் கேமராவே நகரும் படத்தில் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. நேராக உயர்ந்து நிற்கும் மரங்களைத் தேர்ந்தெடுத்து, கேமராவை மேலிருந்து கீழாக நகர்த்தத் தொடங்கிய பிறகு ஷட்டரை அழுத்துங்கள். ஷட்டர் மூடிய பிறகே கையை நிறுத்துங்கள். அழுத்திவிட்டு நகர்த்தினால், நகராத அந்த முதல் கணமும் பதிந்து, தீற்றலின் ஒரு முனையில் மரத்தின் மங்கலான நிழலுரு ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்தப் பயிற்சி உங்களுக்குப் பிடித்திருந்தால் ஃபில்டர் வாங்குங்கள். பிடிக்காவிட்டால் பணமாவது மிஞ்சும்.

இந்த வழி புதிதும் அன்று. ஒளிப்படக் கலைஞர் ஏர்ன்ஸ்ட் ஹாஸ் 1950களிலேயே எருதுச் சண்டைகளை மெதுவான ஷட்டர் வேகத்தில் வண்ணத்தில் எடுத்து, அசைவையே படத்தின் பொருளாக்கிக் காட்டினார். அவருக்குக் கிடைத்ததைவிட மிகுந்த வசதிகள் உங்கள் கையிலுள்ள கேமராவில் ஏற்கெனவே இருக்கின்றன.

கேள்வி: இணையக் கடைகளில் என்.டி.64, 1.8, 6 ஸ்டாப் என்று வெவ்வேறு பெயர்களில் விற்கிறார்கள். இவை வெவ்வேறு பொருள்களா? எந்த அளவில் வாங்க வேண்டும்?

பதில்: மூன்றும் ஒன்றே. என்.டி.64 என்பது ஒளி எத்தனையில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதைக் குறிக்கிறது, 1.8 என்பது அதே குறைவை ஒளியடர்த்தி அளவில் சொல்கிறது. அதுபோல என்.டி.8, 0.9, 3 ஸ்டாப் ஆகியவை ஒன்று, என்.டி.1000, 3.0, 10 ஸ்டாப் ஆகியவை ஒன்று. 1.8 என்ற எண்ணைப் பார்த்து இரண்டு ஸ்டாப்புக்கும் குறைவு என்று எண்ணி ஏமாந்துவிட வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, லென்ஸின் பெயரில் உள்ள 18-55 மி.மீ. என்பது குவியத்தூரம்; அதற்கும் ஃபில்டர் அளவுக்கும் தொடர்பில்லை. லென்ஸின் முன்விளிம்பிலோ மூடியின் உட்புறத்திலோ, குறுக்குக்கோடு இட்ட வட்டக் குறிக்கு அருகில் 52, 58, 67 போன்ற ஓர் எண் இருக்கும். அதுவே ஃபில்டரின் விட்டம். ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ்கள் இருந்தால், பெரிய விட்டத்துக்கு ஒரு ஃபில்டரை வாங்கி, சிறிய லென்ஸ்களில் அதைப் பொருத்த ஸ்டெப்-அப் எனப்படும் இணைப்பு வளையங்களைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனி ஃபில்டர் வாங்குவதைவிட இது பெரிதும் சிக்கனம்.

கேள்வி: வளையத்தைத் திருப்பினால் 2 முதல் 10 ஸ்டாப் வரை மாறும் ஃபில்டர் ஒன்றைப் பார்த்தேன். ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் அல்லவா?

பதில்: வசதியானதுதான், ஆனாலும் இந்த வகைப் படங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குள் இரண்டு போலரைசர் கண்ணாடிகள் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடத்துபவை) ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. ஒன்றைத் திருப்பத் திருப்ப ஒளி குறைகிறது. உச்ச அளவை நெருங்கும்போது, குறிப்பாக அகலக் கோண லென்ஸில், படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போன்ற கருமை விழுகிறது. விவரங்கள் நிறைந்த சாதாரணப் படத்தில் இலேசான கருமை கண்ணில் படாமல் தப்பிவிடலாம். அசைவால் வழவழப்பாகிப்போன வானத்தில் அது ஒளிந்துகொள்ள இடமே இல்லை. இந்தப் படங்களுக்கான பொருள்களை வாங்கும்போது நினைவில் கொள்ள வேண்டியது இதுவே: கூர்மைக் குறைவு இங்கே குறையன்று, சீரின்மைதான் குறை. மாறும் ஃபில்டரையே வாங்குவதானால், வளையம் ஓர் எல்லையைத் தாண்டாமல் நின்றுவிடும்படி செய்யப்பட்டதையும், அளவுவரம்பு குறுகியதையும் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: விலை குறைந்த ஃபில்டருக்கும் விலை உயர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை நானே சோதித்து அறிய முடியுமா?

பதில்: முடியும், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும். கேமராவின் வெள்ளைச் சமநிலையை (படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) தானியங்கியிலிருந்து மாற்றிப் பகலொளியில் நிறுத்துங்கள். சீரான வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை ஃபில்டர் இல்லாமல் ஒருமுறையும், ஃபில்டரைப் பொருத்தி ஷட்டர் நேரத்தை 64 மடங்காக்கி இன்னொரு முறையும் ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். இரண்டாவது படம் முழுவதும் ஒரே அளவில் நீலமாகவோ பழுப்பாகவோ தெரிந்தால் கவலையில்லை. கணினியில் ஒரே திருத்தத்தில் அது சரியாகிவிடும். நடுப்பகுதி ஒரு நிறமாகவும் மூலைகள் வேறு நிறமாகவும் இருந்தால் ஃபில்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்தக் குறையைத் திருத்துவது பெரும்பாடு. படத்தின் வெளிச்சம் ஒரு ஸ்டாப்புக்கு மேல் வேறுபட்டால், அட்டையில் அச்சிட்ட எண்ணும் நம்பத்தக்கதன்று.

அடுத்து, சூரியன் படச்சட்டத்துக்குச் சற்று வெளியே இருக்கும்படி வைத்து ஒரு படம் எடுங்கள். படம் முழுவதும் வெண்திரை படர்ந்ததுபோல் மங்கினால் கண்ணாடியின் மேற்பூச்சு தரமானதன்று. கடைசியாக, ஃபில்டரை லென்ஸில் நாலைந்து முறை பொருத்திக் கழற்றிப் பாருங்கள்; மரை இடறாமல் சுழல வேண்டும். இந்தச் சோதனைகளில் தேறிய மலிவான ஃபில்டரை மனநிறைவோடு வைத்துக்கொள்ளலாம். துல்லியமான தெளிவுத்திறனுக்காகக் கூடுதல் விலை கேட்கும் கண்ணாடி, நீங்கள் எடுக்கப்போகும் படங்களில் அந்த விலையைத் திருப்பித் தராது.

கேள்வி: முக்காலி, கிம்பல், வேறு துணைக்கருவிகள் தேவைப்படுமா?

பதில்: கிம்பல் வேண்டாம், அசைவை அழிப்பதற்கென்றே உருவான கருவி அது. இதே காரணத்தால், லென்ஸிலும் கேமராவிலும் உள்ள அதிர்வுத் தடுப்பையும் நிறுத்திவையுங்கள். மரங்களுக்குக் கையே போதும். கடலின் அடிவானக் கோட்டைக் கிடைமட்டமாக நீட்டி எடுக்கும்போதுதான் முக்காலி உதவுகிறது. அப்போதும் சுழலும் தலைக்குக் கீழே உள்ள தளம் சமமாக இருக்க வேண்டும். கேமராவை மட்டும் நேராக்கி, தளத்தைச் சாய்வாக விட்டுவிட்டால், திருப்பும்போது அடிவானம் ஒருபக்கம் சரிந்துவிடும். ஆகவே தளத்திலேயே நீர்மட்டக் குமிழி உள்ள முக்காலியைத் தேடுங்கள்.

நான் கட்டாயம் வாங்கச் சொல்வது, கையால் அழுத்திக் காற்றடிக்கும் சிறிய ரப்பர் ஊதியைத்தான். கேமராவினுள் படம் பதியும் சென்சாரில் ஒட்டிய தூசி கேமராவோடு சேர்ந்தே நகர்வதால் அதன் நிழல் கலைவதில்லை. காட்சி முழுவதும் கரைந்திருக்க, அந்தத் தூசி மட்டும் கரும்புள்ளியாக அதே இடத்தில் நிற்கும். எஃப்/16, எஃப்/22 போன்ற சிறிய அபெர்ச்சரில் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: செல்பேசியிலேயே இதைச் செய்ய முடியாதா?

பதில்: ஓரளவு முடியும். பெரும்பாலான செல்பேசிகளில் அபெர்ச்சரை மாற்ற இயலாது என்பதால், பகலில் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்க ஃபில்டர் இல்லாமல் வழியில்லை. பல செயலிகள் அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்த்து நீண்ட நேரப் பதிவுபோல் காட்டுகின்றன. கையை வேகமாக நகர்த்தினால் தொடர்ச்சியான தீற்றலுக்குப் பதிலாகப் படிப்படியான பிரதிகள் விழும். கட்டணம் செலுத்தும் முன், இலவசப் பதிப்பில் ஒரு கம்பத்தைக் குறுக்காகக் கடக்கும்படி செல்பேசியை வேகமாக நகர்த்தி எடுத்துப் பாருங்கள். கம்பம் ஒன்றுக்கு மேற்பட்டதாகத் தெரிந்தால் அந்தச் செயலியை வாங்க வேண்டாம்.