விமானத்துக்குள் துப்பாக்கி யார் கையில் இருக்கலாம்? கேட்டவர்களுக்குப் பதில்

விமானப் பாதுகாப்புப் பயிற்சியில் பல வருடம் இருந்தவன் என்பதால், பயணிகள் விமானத்தில் ஆயுதத்தோடு ஸ்கை மார்ஷல் (சாதாரணப் பயணி போல உட்கார்ந்து வரும் காவலர்) தேவையா என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

சார், பறக்கும்போது சுட்டால் ஒரே ஓட்டையில் விமானம் வெடித்துவிடாதா?

வெடிக்காது. கேபினுக்குள் காற்று தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும், வால்வு வழியாக வெளியேறிக்கொண்டும் இருக்கும். அந்த வால்வுக்கு முன்னால் தோட்டா போடும் ஓட்டை ஒன்றுமே இல்லை. பயப்பட வேண்டியது குறி தப்புவதற்குத்தான், ஏனென்றால் அவ்வளவு குறுகலான இடத்தில் தப்பிய தோட்டா எங்கே போனாலும் அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார்.

அப்போ விமானியிடமே துப்பாக்கியைக் கொடுத்துவிடலாமே?

அமெரிக்காவில் 2002 சட்டப்படி, விருப்பப்பட்ட விமானிகளுக்குப் பயிற்சி தந்து கொடுத்தார்கள். 2008 மார்ச்சில் ஒருவர் இறங்கும் நேரத்தில் துப்பாக்கியைப் பத்திரப்படுத்தப் போய், அது காக்பிட்டிலேயே வெடித்து விமானத்தின் உடலைத் துளைத்தது. விமானம் நல்லபடியாக இறங்கியது என்பது வேறு விஷயம். விமானிக்கு வேலை கதவைப் பூட்டிக்கொண்டு சீக்கிரம் தரையிறக்குவது. துப்பாக்கி இருந்துதான் ஆக வேண்டும் என்றால், அதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஆளிடம் இருக்கட்டும்.

காவலர் இருந்தும் தோற்றதுண்டா அண்ணா?

உண்டு, அதுவும் மோசமாக. 1986 டிசம்பர் 25, பாக்தாத்திலிருந்து அம்மானுக்குப் போன இராக்கி ஏர்வேஸ் விமானம். பாதுகாவலர்கள் கடத்தல்காரர்களோடு மோதினார்கள், கையெறி குண்டுகள் வெடித்தன, சவூதியில் விழுந்து 106 பேரில் 63 பேர் இறந்தார்கள். இதற்கு நேர்மாறாக எல்லோரும் காட்டுவது 1970 செப்டம்பர் 6இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து நியூயார்க் கிளம்பிய, இஸ்ரேலின் எல் அல் நிறுவன விமானத்தை: கேப்டன் மூக்கைக் கீழே சாய்த்து சடாரென்று இறக்கிக் கடத்த வந்த இருவரையும் நிலைகுலைய வைத்தார், ஒருவன் சுடப்பட்டான், இன்னொருவர் பிடிபட்டார். ஆனால் அங்கேயும் ஒரு கையெறி குண்டு வீசப்பட்டது, அது வெடிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு கதைக்கும் நடுவில் இருப்பது மார்ஷலின் திறமை மட்டும்தான் என்று என்னால் சொல்ல முடியாது. குண்டு விமானத்தில் ஏறும் முன்பே, தரையில் நடக்கும் சோதனையில் சிக்கியிருக்க வேண்டும். அந்தச் சோதனையில் கோட்டைவிட்டால் மேலே இருப்பவர் பாதி அதிர்ஷ்டத்தை நம்பித்தான் நிற்கிறார்.

மார்ஷல் பெரியவரா, கேப்டன் பெரியவரா?

கேப்டன்தான். விமானத்துக்குள் நடக்கும் குற்றங்கள் பற்றிய 1963 டோக்கியோ உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. அதைத் திருத்திய 2014 மாண்ட்ரியல் நெறிமுறை, 2020இல் அமலுக்கு வந்தது, மார்ஷலுக்கும் சட்டத்தில் ஓர் இடம் கொடுத்தது. கடத்தல் மாதிரி உடனடி ஆபத்து என்றால் மார்ஷல் அனுமதிக்குக் காத்திருக்காமல் நடவடிக்கையில் இறங்கலாம். குடித்துவிட்டு ரகளை செய்பவனுக்காக அவர் எழுந்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அது கேபின் குழு பார்க்க வேண்டியது. மார்ஷலை வெளியே இழுக்க ஒருவன் வேண்டுமென்றே சண்டை கிளப்பலாம் இல்லையா?

எல்லா விமானத்திலும் மார்ஷலைப் போட்டால் என்ன?

நடக்காத காரியம். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவிடம் இருந்ததே 33 பேர். அப்புறம் ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள், அப்படியும் பெரும்பாலான விமானங்களில் யாரும் இல்லை. எதில் இருக்கிறார் என்று தெரியாமல் இருப்பதே பாதி காவல். 2001 டிசம்பரில் ஷூவில் குண்டு வைத்து வந்தவனையும், 2009 கிறிஸ்துமஸ் அன்று உள்ளாடையில் வைத்து வந்தவனையும் அமுக்கிப் பிடித்தது பயணிகளும் பணிக்குழுவும்.

காக்பிட் கதவைப் பலப்படுத்திவிட்டார்களே, அது போதாதா?

2003 நவம்பரிலிருந்து பெரிய பயணிகள் விமானங்களுக்கு அது கட்டாயம், என் கணக்கில் மார்ஷலை விட அதுதான் அதிகம் உதவியது. ஆனால் 2015இல் ஜெர்மன்விங்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் துணை விமானி அதே மாதிரி கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு விமானத்தை மலையில் மோதினார், 150 பேர் போனார்கள். அங்கே மார்ஷல் இருந்திருந்தாலும் வெளியேதான் நின்றிருப்பார்.

மார்ஷலை அடையாளம் கண்டுபிடிக்க வழி இருக்கா?

இருந்தாலும் இங்கே எழுத மாட்டேன். உங்களுக்கே சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லாதீர்கள், தூங்குங்கள்.