சப்போர்ட் வேர்க்கர் வேலைக்கு அரசு அங்கீகாரம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் 14 வருடமாக மாற்றுத்திறனாளிகளுக்கான சப்போர்ட் வேர்க்கராக இருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். இந்த வேலையை அரசு ஒரு தொழிலாக அங்கீகரிப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (டண்டினோங்): அக்கா, நான் சேர்டிபிக்கட் 3 (இந்த வேலைக்கான சான்றிதழ்ப் படிப்பு) முடித்து ஐந்து வருடமாக வேலை செய்கிறேன். இதற்கு மேல் என்ன அங்கீகாரம்?

தங்கச்சி, அந்தப் படிப்புக்காக நீங்கள் 120 மணித்தியாலம் வேலையிடப் பயிற்சி செய்திருப்பீர்கள். உங்களோடு அதே ஷிப்டில் நிற்பவர் அந்தப் படிப்பே இல்லாமல் வந்திருக்கலாம், அதுவும் விதிப்படி சரிதான். என்டிஐஎஸ்ஸில், அதாவது மாற்றுத்திறனாளிகளின் உதவிக்கு அரசு பணம் கொடுக்கும் தேசியத் திட்டத்தில், சப்போர்ட் வேர்க்கருக்கு இந்தப் படிப்பு கட்டாயம் இல்லை. தாதி என்றால் நாடு முழுவதற்கும் ஒரு பதிவேடு உண்டு, அதில் பெயர் இல்லாதவர் தன்னைத் தாதி என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. நமக்கு அப்படி எதுவும் இல்லை. நெடுங்காலம் அரசின் தொழில் பட்டியலில் முதியோரைப் பார்ப்பவர்களுக்கும் நமக்கும் சேர்த்து ஒரே வரிதான் இருந்தது.

இதனால் என்ன நடக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நான் பார்த்துக்கொள்ளும் ஒருவரை நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவருக்குப் பெருமூளை வாதம், பேச்சு இல்லை. 'ஆம்' என்றால் கண்ணை மேலே உயர்த்துவார். வலித்தால் இடது பெருவிரலை உள்ளே மடக்கி இறுக்குவார். வாசலில் "குடும்பமா?" என்று கேட்டார்கள். இல்லை. "தாதியா?" இல்லை. அப்படியென்றால் வெளியே இருங்கள் என்றுவிட்டார்கள். இரண்டரை மணித்தியாலம் கழித்து என்னை உள்ளே விட்டபோது, "அமைதியாகத்தான் இருக்கிறார்" என்றார்கள். போர்வையை விலக்கிப் பார்த்தேன். பெருவிரல் மடங்கி, மற்ற விரல் நகங்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன. அவருடைய மொழி தெரிந்த ஒரே ஆளை வெளியே இருத்திவிட்டு அவரை அமைதி என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒரு பதிவு எண் இருந்திருந்தால் அந்த வாசலில் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி (வென்ட்வொர்த்வில், சிட்னி): வேர்க்கர் ஸ்கிரீனிங் (பின்னணிச் சோதனை) எடுத்துத்தானே வேலைக்கு வருகிறோம்? அது போதாதா?

அது தேவை, ஆனால் போதாது. 2021 பெப்ரவரி 1 முதல் வந்த அந்த அனுமதி ஐந்து வருடம் செல்லும். உங்கள் பழைய பதிவுகளில் ஆபத்தான எதுவும் இல்லை என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஆளைத் தூக்கும் இயந்திரமான ஹொய்ஸ்டில் ஸ்லிங்கை (தூக்குத் துணியை) மாட்டத் தெரியுமா, விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்கு ஊட்டத் தெரியுமா என்று சொல்லாது. ஊட்டுவதைப் பாருங்கள். புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்றுதான்: முதல் வாய் உள்ளே போனதுமே அடுத்த கரண்டியைத் தூக்கிவிடுவார்கள். தூக்கிய கரண்டியைப் பார்த்ததும் அவர் அவசரப்படுவார், உணவு மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் காணும்வரை கரண்டி கிண்ணத்திலேயே இருக்க வேண்டும். இதை ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டித்தான் பழக்க முடியும்.

2020 ஏப்ரலில் அடிலெய்டில் பெருமூளை வாதம் உள்ள 54 வயதுப் பெண் ஒருவர் இறந்தது நினைவிருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் இரவும் பகலும் ஒரே பிரம்பு நாற்காலியில் விடப்பட்டிருந்தார். அவரைப் பார்க்க ஒரே ஒரு ஆள்தான் போய்வந்தார், அந்த ஆளை அனுப்பியது பதிவு பெற்ற நிறுவனம். ஆகவே நிறுவனத்தைப் பதிந்துவிட்டால் போதும் என்பதும் சரிவராது. வேலை செய்யும் ஆளுக்கும் பயிற்சி வேண்டும், பொறுப்பு வேண்டும். அவரை மேற்பார்க்க இன்னொரு சோடிக் கண்ணும் வேண்டும்.

கேள்வி: மெல்பேர்ண் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் சப்போர்ட் வேர்க்கர்களுக்குப் பதிவு இருக்கிறது என்கிறார்களே?

அதற்கு 2018ல் சட்டம் வந்தது. 2020 ஜூலை 1 முதல் நடத்தை விதி எல்லா ஊழியர்களுக்கும் பொருந்தியது. 2021 ஜூலை 1 முதல் பதிவு தொடங்கியது, ஆனால் விரும்பியவர்களுக்கு மட்டும். நாடு முழுவதற்கும் ஒரு பதிவுத் திட்டம் 2028 ஜூலைக்குள் வர வேண்டும் என்று, மாற்றுத்திறனாளிகள் மீதான கொடுமைகளை விசாரித்த றோயல் ஆணைக்குழு 2023 செப்டம்பர் அறிக்கையில் பரிந்துரைத்தது.

கேள்வி (கிளென் வேவர்லி): நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். என் உதவியாளர்களை நானே தெரிவு செய்கிறேன். ஒருவர் பல்கலைக்கழக மாணவி, எந்தச் சான்றிதழும் இல்லை, ஆனால் மிக நல்ல பிள்ளை. கட்டாயப் பதிவு வந்தால் அவரை இழந்துவிடுவேன். எங்களை மறந்துவிட்டு உங்கள் தொழிலைப் பற்றி மட்டும் பேசுகிறீர்களா?

அம்மா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. இல்லை, உங்களை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேசவே கூடாது. என்னைக் குளிப்பாட்டுவது யார், என் வீட்டுச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமைக்காக மாற்றுத்திறனாளிகள் பல வருடம் போராடியிருக்கிறார்கள். அங்கீகாரம் என்ற பெயரில் அந்தத் தீர்மானத்தை ஏஜென்சியின் கையில் கொடுத்தால் அது பின்னோக்கிப் போவதுதான்.

2023 கடைசியில் எல்லாச் சேவை வழங்குநரும் ஏதோ ஒரு அளவில் பதிய வேண்டும் என்ற யோசனை வந்தபோது, உங்களைப் போன்றவர்கள்தான் முதலில் குரல் கொடுத்தார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட செயற்குழு, தாங்களே ஆட்களைத் தெரிவு செய்து நடத்துபவர்களுக்குத் தனிப் பதிவு வகை வேண்டும் என்று 2024ல் சொன்னது. அது உங்கள் குரலுக்குக் கிடைத்த பலன்.

என் நிலைப்பாடு இது. பதிவுக்குப் படிப்புச் சான்றிதழ் முன்நிபந்தனையாக இருக்கக் கூடாது. அந்தப் பிள்ளை வேலைக்கு வரட்டும். வந்த பிறகு பயிற்சி கிடைக்க வேண்டும், அதற்கான நேரத்துக்கு அரசு சம்பளம் கொடுக்க வேண்டும், பயிற்சியின் ஒரு பகுதியை உங்களைப் போன்றவர்களே நடத்த வேண்டும். என்னை நல்ல வேர்க்கராக்கியது வகுப்பு அல்ல, "நீ கதைப்பதை நிறுத்து, என் முகத்தைப் பார்" என்று முதல் வாரத்தில் எனக்குச் சொன்ன ஒரு பெண்மணி.

கேள்வி: அங்கீகாரம் வந்தால் சம்பளம் கூடுமா?

சம்பளம் தானாக உயராது. 2012ல் வந்த சம ஊதியத் தீர்ப்பில் சமூக சேவை ஊழியர்களுக்கு 19 முதல் 41 வீதம் வரை உயர்வு கிடைத்தது, 2020 டிசம்பர் வரை படிப்படியாக. பெண்கள் செய்யும் வேலை என்பதால் குறைத்து மதிக்கப்பட்டது என்று தொழிற்சங்கம் வழக்காடி வாங்கியது அது. ஆனால் 'வீட்டுப் பராமரிப்பு' வகையில் போடப்பட்டவர்களுக்கு அந்த உயர்வு இல்லை. ஆகவே உங்கள் நியமனக் கடிதத்தில் எந்த வகை, எந்தப் படிநிலை என்று பாருங்கள். 2022 ஜூலையிலிருந்து பகுதிநேர, கஷுவல் (நிரந்தரமில்லாத) ஊழியரை அழைத்தால் குறைந்தது இரண்டு மணித்தியாலச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரு மணித்தியால வேலைக்கு நாற்பது நிமிடம் கார் ஓட்டிப் போனவள் நான், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: ஊரில் மாமி நான் "ஆஸ்பத்திரியில் வேலை" என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறார். "கழுவித் துடைக்கிற வேலை" என்று வெட்கம். எனக்கும் மனம் உடைகிறது.

உடையத்தான் செய்யும், அம்மா. என் வீட்டிலும் அந்தக் கதை இருந்தது. கழுவுகிறோம், உண்மைதான். கழுவும்போதே படுக்கைப் புண் வருகிறதா என்று தோலைப் பார்க்கிறோம், மறைக்க வேண்டியதைத் துவாயால் மறைக்கிறோம், செய்யப்போகும் ஒவ்வொன்றையும் முதலில் சொல்லிவிட்டுச் செய்கிறோம். ஒரு மனிதர் தன் உடம்பை நம்மிடம் தந்திருக்கிறார். மாமிக்குக் கோபப்படாமல், ஒரு நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

கேள்வி (மதுரை): என் மகனுக்கு 19 வயது, ஆட்டிசம். ஏழு வருடமாக ஓர் அம்மா பார்த்துக்கொள்கிறார். இந்தியாவில் அவருக்கு ஏதாவது வழி உண்டா?

ஐயா, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் 1992 சட்டப்படி சிறப்பாசிரியர் போன்றோர் பதிவு பெறுகிறார்கள். வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் அதற்கு வெளியேதான் இருந்தார்கள். 2021ல் அந்தக் கவுன்சில் எங்கள் ஊர் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சமூகம் சார்ந்த பணிக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது, முடித்தவர்களுக்கு 'திவ்யாங் மித்ரா' என்று பெயர். அந்த அம்மாவுக்கு அது பொருந்துமா என்று பாருங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளர் யார் என்று வரையறுத்திருக்கிறது, சம்பளம் வாங்குபவரும் வாங்காதவரும் அதில் அடக்கம். ஏழு வருட வேலையை இப்போதே ஒரு கடிதமாக எழுதி, என்னென்ன செய்கிறார் என்று விவரித்து, கையெழுத்திட்டு அவரிடம் கொடுங்கள்.

கேள்வி: நாடளாவிய பதிவு வரும்வரை நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

செய்த ஒவ்வொரு பயிற்சியின் சான்றையும், தேதியோடு, உங்கள் சொந்தக் கோப்பில் வையுங்கள். ஏஜென்சியிடம் மட்டும் விடாதீர்கள், வேலை மாறும்போது அது உங்களோடு வராது. தொழிற்சங்கத்தில் சேருங்கள். ஷிப்ட் முடிவில் "எல்லாம் நலம்" என்று எழுதாமல், என்ன சாப்பிட்டார், எப்படி விழுங்கினார், எதற்குச் சிரித்தார் என்று எழுதுங்கள். அடுத்து வருபவர் அதை வாசித்துத்தான் அவரை அறிந்துகொள்வார்.